"என் பேரை நீங்க கேட்கவே இல்லையே, டீச்சர்!"



நம் வீடுகளில் கிளம்பும்போது யாரையும் 'போறேன்' என்று சொல்ல விடமாட்டார்கள். "போயிட்டு வரேன்னு சொல்லுடி" என்று என் ஆயா தலையில் ஒரு குட்டு வைப்பாள். அப்படி வளர்ந்த நான், கடல் தாண்டிப் போய் ஆறே வாரம் பழகிய மனிதர்களிடம் விடைபெறத் தெரியாமல் திணறிப் போனேன். அந்த ஒரு நாள் எனக்குக் கற்றுக் கொடுத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊர் நாட்றம்பள்ளி. சென்னை - பெங்களூர் ஹைவேயில் வாணியம்பாடியைத் தாண்டினால் வரும். முன்பு வேலூர் மாவட்டம்; 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். இந்தப் பக்கம் முழுக்கத் தோல் தொழில்தான். விடிகாலையில் பால்காரர் வருவதற்கு முன்பே ஷூ கம்பெனி வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். தூக்கு டிபனும் கையுமாகப் பெண்கள் ஏறுவார்கள். கம்பெனிக்குப் போகாதவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை, 'அப்பர்' என்பார்கள், கையால் தைத்துக் கொடுப்பார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி.

நான் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். காலையில் சமையல், பகலில் ஸ்கூல், ராத்திரி விடைத்தாள் என்று ஓடிக்கொண்டிருந்தவளுக்கு, 2019-ல் ஃபுல்பிரைட் திட்டத்தில் அமெரிக்கா போகும் வாய்ப்பு வந்தது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான ஆறு வாரப் பயிற்சி. பல நாட்டு ஆசிரியர்கள் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்க வேண்டும்; பக்கத்துப் பள்ளி ஒன்றில் வகுப்பும் எடுக்க வேண்டும்.

"அமெரிக்காக்காரனுக்கே இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கப் போறியா நீ?" என்று சிரித்தார் என் மாமியார். ஆனால் நான் கிளம்பும் முன், இரண்டு பாட்டில் புளிக்காய்ச்சல் கிளறிக் கட்டிக் கொடுத்ததும் அவர்தான்!

இந்தத் திட்டம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஃபுல்பிரைட் என்பவர் அமெரிக்க செனட்டர். இளம் வயதில் உதவித்தொகை பெற்று இங்கிலாந்துக்குப் போய்ப் படித்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருடம், 1946-ல், நாடுகளுக்கிடையே மாணவர்களும் ஆசிரியர்களும் போய் வரச் சட்டம் கொண்டு வந்தார். நேரு பிரதமராக இருந்தபோது, 1950 பிப்ரவரி 2-ல் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டது. 2008-லிருந்து நம் அரசும் செலவில் பங்கு ஏற்க, இந்தியர்களுக்கான பல உதவித்தொகைகள் 'ஃபுல்பிரைட் - நேரு' என்று பெயர் பெற்றன. இதில் போகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. திரும்பி வந்து 2 வருடம் சொந்த நாட்டில் இருந்த பிறகுதான் அங்கே குடியேறவோ வேலை பார்க்கவோ விசா கேட்க முடியும். கற்றதை ஊருக்குக் கொண்டு வந்து கொடு என்பதுதான் இதன் அர்த்தம்.

செப்டம்பரில் போய் இறங்கினேன். பள்ளியில் எனக்குத் துணையாக ஓர் ஆசிரியை. 'பார்ட்னர் டீச்சர்' என்பார்கள். நம் ஊர்ப் பங்காளி மாதிரிச் சண்டைக்காரி இல்லை, தங்கமான பெண்!

அவள் வகுப்பில் 30 பிள்ளைகள். முதல் நாளே, "உங்க ஊர்ல என்ன விசேஷம்?" என்று கேட்டார்கள். 1870-ல் எங்கள் பக்கத்து ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண், 1900-ல் டாக்டராகத் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்ததையும், 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியதையும் சொன்னேன். "உங்கள் ஷூவைக் கழற்றி உள்ளே என்ன நாடு போட்டிருக்கிறது என்று பாருங்கள்" என்றேன். வகுப்பே சிரித்துக்கொண்டு குனிந்தது. இரண்டு ஷூவில் 'இந்தியா' என்று இருந்தது. "அதைத் தைத்தவள் எங்கள் தெருக்காரியாகக்கூட இருக்கலாம்" என்றேன். அன்றிலிருந்து நான்தான் அந்த வகுப்பின் செல்ல டீச்சர். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்...

அக்டோபர் 27 தீபாவளி. விடுதியில் விளக்கேற்றக் கூடாது, புகை வந்தால் அலாரம் அலறும். பேட்டரி விளக்கு வைத்து, புளிசாதம் கிளறி, ஒன்பது நாட்டு டீச்சர்களோடு சாப்பிட்டேன். வீட்டுக்குப் போன் போட்டால் மாமியார், "அதிரசம் உனக்கு எடுத்து வச்சிருக்கேன்" என்கிறார். கண்ணீரை அடக்க முடியவில்லை.

மறுநாள் பள்ளியில் கடைசி நாள். ஆரணிப் பட்டுக் கட்டிக்கொண்டு போனேன். நம் ஊர் பிரிவுபசார விழா மாதிரி மாலை, சால்வை, பேச்சு எதுவும் இல்லை. ஆளுக்கு ஒரு சின்ன அட்டை கொடுத்தாள் என் தோழி. "நீங்கள் கற்றுக்கொண்டது ஒன்று, சொல்லாமல் விட்டது ஒன்று. எழுதி டீச்சரிடம் கொடுங்கள். பெயர் போட வேண்டியதில்லை" என்றாள். நான் ஒவ்வொருவர் கையையும் பிடித்து விடைபெற்றேன். மணி அடித்தது. மஞ்சள் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

காலி வகுப்பில் உட்கார்ந்து அட்டைகளைப் படித்தேன். 'உங்கள் புடவை அழகு', 'உங்கள் ஊருக்கு வர ஆசை', 'எங்கள் தாத்தாவும் தோல் வேலை செய்தவர்'... மனசு நிறைந்தது. அடியில் ஓர் அட்டை. கோழிக் கிறுக்கலாக இரண்டே வரி. அதன் அர்த்தம் இதுதான்:

'உங்கள் ஊரைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். நீங்கள் என் பெயரைக் கேட்கவே இல்லை.'

யாரோ நெஞ்சில் குத்தியது போல இருந்தது. "யார் இது?" என்று தோழியிடம் காட்டினேன். கையெழுத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள். கடைசி வரிசையில், ஜன்னலோரம் உட்காரும் பெண். பேசாத பெண். தொந்தரவு தராத பெண். அவள் பெயரையும் சொன்னாள். ஆனால் அதை அந்தப் பெண்ணின் வாயால் கேட்கும் வாய்ப்பு எனக்குப் போய்விட்டதே!

அன்று இரவு எங்கள் விருந்தில் எல்லா நாட்டு டீச்சர்களும் அவரவர் மொழியில் விடைபெறும் சொல்லைச் சொல்லிக் கொடுத்தோம். நான், "எங்கள் ஊரில் 'போயிட்டு வரேன்' என்போம். போகும்போதே திரும்பி வருவதாக வாக்குக் கொடுப்போம்" என்றேன். எல்லோரும் ஆசையாகச் சொல்லிப் பார்த்தார்கள். என் தோழி மட்டும், "அப்போ எப்போ வருவே?" என்று கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன். பதில் இல்லை. வர மாட்டேன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஊருக்கு வந்தேன். அதிரசம் கல்லு மாதிரி ஆகியிருந்தது. பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டேன். பள்ளியில் பாராட்டு விழா வைத்தார்கள். அந்த அட்டையை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன்.

அப்புறம்தான் கொரோனா வந்தது. 2020 மார்ச் 17 முதல் பள்ளிகளை மூடினார்கள். என் பத்தாம் வகுப்பில் 38 பெண்கள். மார்ச் 27-ல் பொதுத்தேர்வு ஆரம்பிக்க வேண்டியது. தள்ளித் தள்ளிப் போய், ஜூன் 9-ம் தேதி ரத்து என்றார்கள். எல்லோரும் பாஸ்! ஆறு வாரம் பழகிய பிள்ளைகளிடம் கை பிடித்து விடைபெற்றவள், வருஷக் கணக்கில் பாடம் சொன்ன பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று போனவர்கள், போனவர்கள்தான்.

காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்குப் போட்டு மார்க் கொடுக்கச் சொன்னார்கள். ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். ஒரு பெயர், வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லீவு இல்லை. ஆனால், தோழியரே, அந்தப் பெயருக்கு உரிய முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை! எழுந்து போய் பீரோவைத் திறந்து அந்த அட்டையை எடுத்தேன். நெடுநேரம் அழுதேன்.

மறுநாள் முதல் 38 பேருக்கும் போன் போட ஆரம்பித்தேன். பாதி நம்பர் வேலை செய்யவில்லை. மீதியில் பல, பக்கத்து வீட்டு நம்பர். ஆகஸ்டில் பதினோராம் வகுப்பு சேர்க்கை தொடங்கியதும், மாஸ்க் போட்டுக்கொண்டு, என் கணவரின் டி.வி.எஸ். 50-ல் பின்னால் உட்கார்ந்து வீடு வீடாகப் போனேன்.

அந்த லீவே போடாத பெண் திண்ணையில் அம்மாவோடு உட்கார்ந்து அப்பர் தைத்துக்கொண்டிருந்தாள். விரலில் துணி சுற்றியிருந்தது. அவள் அம்மா, "அதான் பாஸ் ஆயிட்டாளே டீச்சர், இன்னும் என்ன? அவங்க நைனாவுக்கு டேனரில வேலை இல்ல. ரெண்டு கை தைச்சாத்தான் சோறு" என்றார். நான் வழக்கம்போல அறிவுரை சொல்ல வாயெடுத்தேன். சட்டென்று நிறுத்திக்கொண்டேன். அந்தப் பெண்ணைப் பார்த்து, "கண்ணு, உன் பேரு ரிஜிஸ்டர்ல இருக்கு. ஆனா உன்னைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. அது என் தப்பு. நீயே சொல்லு" என்றேன்.

ரொம்ப நேரம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெல்ல, "எனக்குக் கணக்கு நல்லா வரும் டீச்சர். அம்மா தைக்கிற ஜோடிக் கணக்கை நான்தான் நோட்டுல எழுதறேன். ரெண்டு தடவை கூலி கொறைச்சுக் குடுத்தாங்க. நான்தான் கண்டுபிடிச்சேன்" என்றாள். அம்மா முகத்தில் ஒரு பெருமை! அதைப் பிடித்துக்கொண்டேன். "இந்தக் கணக்கைப் படிச்சா இவ உங்க வீட்டுக்கு மட்டுமில்ல, ஊருக்கே கணக்குப் பார்ப்பா" என்றேன். மூன்றாவது தடவை போனபோதுதான் சம்மதித்தார். அதுவும், ஸ்கூல் விட்டு வந்து தைக்க வேண்டும் என்ற கண்டிஷனோடு. காமர்ஸ் குரூப்பில் சேர்ந்தாள்.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. 38 பேரில் 6 பேரை என்னால் மீட்க முடியவில்லை. ஒருத்திக்குக் கல்யாணமே பேசி முடித்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது அந்தக் குடும்பமே ஊரில் இல்லை. அந்த ஆறு பேர் முகத்தையும் இப்போது எனக்குத் தெரியும். என்ன பிரயோஜனம்?

காமர்ஸ் சேர்ந்தவள் 2022-ல் பிளஸ் டூ முடித்தாள். அந்த வருஷம் செப்டம்பர் 5-ம் தேதிதான் தமிழக அரசு 'புதுமைப்பெண்' திட்டத்தைத் தொடங்கியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கில். 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இதை விரிவுபடுத்தினார்கள். ஆயிரம் ரூபாய் பெரிய தொகையா என்று கேட்காதீர்கள். பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் வீட்டில் கை நீட்ட வேண்டாம் என்றால், படிப்பை நிறுத்தச் சொல்ல ஒரு காரணம் குறைகிறதே! அவள் 2025-ல் பி.காம். முடித்தாள். ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை. அவள் அம்மா இன்னும் அப்பர் தைக்கிறார். கணக்கு நோட்டு மட்டும் மகள் கையில்.

பள்ளி மறுபடி ஒழுங்காக நடக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்புக் கடைசி நாளில் பிரியாணி, கேக், போட்டோ எல்லாம் உண்டு. அதற்கு முன்னால் ஒவ்வொரு பெண்ணும் என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். "அடுத்து என்ன பண்ணப் போறே? வீட்ல என்ன சொல்றாங்க? உன்னைத் தேடணும்னா யாருக்குப் போன் போடணும்?" என்ற மூன்று கேள்வியும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வேன். ஜூன் மாதம் அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு போன் போடுவேன். போயிட்டு வரேன் என்று சொன்னவள் வரவில்லை என்றால், போய்க் கூப்பிட வேண்டியது நாம்தானே!

தோழியரே, இதற்கு டீச்சராக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் தெருவில் நேற்று வரை யூனிஃபார்மில் போன பெண் இன்று போகவில்லை என்றால், கோலம் போடும்போதே நமக்குத் தெரிந்துவிடும். "ஏன் கண்ணு போகலை?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெயில் ஆனதற்காக நின்றிருந்தால் துணைத் தேர்வு இருக்கிறது. பல வருஷம் ஆகிவிட்டதென்றால் தனித்தேர்வராக எழுதலாம். பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் விசாரித்தால் வழி சொல்வார்.

அந்த அமெரிக்கப் பெண்ணுக்கும் என் தோழி மூலமாக ஒரு கடிதம் அனுப்பினேன். 'உன் பெயர் என்ன? இவ்வளவு தாமதமாகக் கேட்பதற்கு மன்னித்துக்கொள்' என்று எழுதினேன். பதில் வரவில்லை. கோபம் போலும், நியாயமான கோபம்தான். அவள் அட்டை இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் கடைசி நாளில் ஸ்கூலுக்குக் கிளம்பும் முன் அதை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் போகிறேன்.

- ஒரு வாசகி, நாட்றம்பள்ளி