மூளையையும் மாற்றும் பதவி

பதவி வந்தால் மனிதர் மாறிவிடுவர் என்பர். ஆபிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில் வாழும் ஒருவகைச் சிறு மீனிலோ, பதவி மூளையையே மாற்றிவிடுகின்றது என அறிந்து நாம் வியப்புறுகின்றோம்.

இவ்வினத்து ஆண்களுட் சிலவே இடம் பிடித்து ஆளும் தலைவர்கள். ஒளிரும் வண்ண மேனியும், கண்ணருகே கருங்கோடும் அவற்றின் விருதுகள். ஏனைய ஆண்கள் நிறம் மங்கி, பெண்மீன்களோடு கூட்டமாய் அடங்கித் திரியும்.

அமெரிக்க ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலைப் பேராசிரியர் ரசல் பேர்ணால்டும் அவர் குழுவினரும் இவற்றை ஆராய்ந்தனர். இனப்பெருக்கத்தைத் தூண்டும் ஓமோனைச் சுரக்கும் மூளைக்கலங்கள், பதவி பெற்ற மீனிற் பருக்கின்றன. பதவி இழந்த மீனிற் சுருங்குகின்றன என 1993இல் அறிவித்தனர். பின்னர் தலைவனை அகற்றிப் பார்த்தனர். அடங்கியிருந்த மீன் சில நிமிடங்களிலேயே நிறம் பூண்டு, மற்றவற்றைத் துரத்தலாயிற்று. அதன் மூளையில் ஒரு மரபணுவின் தொழிற்பாடும் மிகுந்தது. இது 2005இல் வெளியாயிற்று.

தகுதியுடையோர்க்கே தலைமை வாய்க்கும் என்று எண்ணுகின்றோம். தலைமை வாய்த்தபின் தகுதி முளைப்பதும் உண்டு என்கின்றது இம்மீன். அடங்கியிருப்பதை ஆற்றலின்மை எனக் கொள்ளலாகாது. அதற்கு இன்னும் இடங்கிடைக்கவில்லை, அவ்வளவே.