துணிக்குப் பணம் போடுவது யார்?

வெளிநாட்டுக்கு ஒரு சட்டை தைத்து அனுப்ப வேண்டுமானால் முதலில் தேவைப்படுவது எது? தையல் இயந்திரம் என்போம். குறைந்த கூலிக்குக் கிடைக்கும் ஆட்கள் என்போம். இரண்டும் வேண்டியவைதாம். ஆயினும் ஒரு சட்டையின் அடக்க விலையில் பெரும்பங்கு துணிக்கே போகிறது. அத்துணியை வாங்கி, வெட்டி, தைத்து, கப்பலேற்றி, வாங்கியவரிடமிருந்து பணம் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை அந்தச் சுமையைத் தாங்குபவர் யார்? வளரும் நாடுகளின் ஆடை ஏற்றுமதியைப் பற்றிப் பேசுவோர் கூலியைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறார்கள். வங்கியோடு உறவுடைய நாம் இந்த இன்னொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வங்கதேசத்தின் அனுபவத்தைச் சற்றுப் பார்ப்போம்.

1970-களின் இறுதியில் வங்கதேசத்தின் முதன்மையான ஏற்றுமதி சணல். ஆயத்த ஆடை ஏற்றுமதி பெயரளவுக்கே இருந்தது. அக்காலத்தில் தென்கொரியாவுக்கு வேறொரு சிக்கல். 1974-இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை ஒப்பந்தத்தின்கீழ், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வரலாம் என்பதற்கு அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் கோட்டா விதித்திருந்தன. கொரிய ஆலைகளுக்கு அந்த வரம்பு இடித்தது. வங்கதேசத்துக்கோ அப்படியொரு தடை அன்று இல்லை. ஆகவே கொரியாவின் தேவூ நிறுவனம், முன்னாள் அரசு அதிகாரியான நூருல் காதர் வங்கதேசத்தில் தொடங்கிய தேஷ் நிறுவனத்தோடு கைகோத்தது. 1979-இல் தேஷ் நிறுவனத்தார் சுமார் 130 பேர் பூசான் நகரிலிருந்த தேவூ ஆலைக்குச் சென்று, ஆறு மாதம் தொழில் கற்றுத் திரும்பினர்.

பின்னர் நடந்ததுதான் சுவையானது. பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் தேஷை விட்டு விலகிச் சொந்த ஆலை தொடங்கினர். அல்லது புதிய ஆலைகளில் பொறுப்பேற்றனர். தேஷுக்கு இது இழப்பு. நாட்டுக்கோ, செலவில்லாமல் கிடைத்த தொழிற்பள்ளி.

தொழில் தெரிந்துவிட்டது, துணி வாங்கப் பணம்? அங்கேதான் 'பேக் டு பேக் எல்.சி.' என்னும் ஏற்பாடு வருகிறது. அமெரிக்க வணிகர் ஒருவர் பத்தாயிரம் சட்டைகளுக்குக் கடனுறுதிக் கடிதம், அதாவது எல்.சி., திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குறித்த நாளில் சரக்கை அனுப்பி, உரிய ஆவணங்களைக் கொடுத்தால் பணம் உறுதி என்பது அதன் பொருள். அக்கடிதத்தையே பிணையாகக் கொண்டு, ஆலையின் வங்கி துணி விற்பவர் பெயருக்கு இரண்டாவது எல்.சி. ஒன்றைத் திறக்கிறது. துணிக்காரருக்குச் சில மாதங்கள் கழித்துப் பணம் கொடுத்தால் போதும். துணி சுங்கவரியின்றிக் காப்புக் கிடங்குக்கு வந்து இறங்குகிறது, சட்டையாகிக் கப்பலேறுகிறது. அமெரிக்கரின் பணம் வந்ததும் வங்கி முதலில் துணிக் கணக்கைத் தீர்த்து, மிச்சத்தை ஆலையிடம் தருகிறது. ஆலை முதலாளி துணிக்கென்று கையிலிருந்து பெருந்தொகை எதையும் போடவில்லை. அவர் தேட வேண்டியது கட்டடம், இயந்திரம், முதல் சில வாரங்களுக்கான கூலி ஆகியவற்றுக்கான தொகையே. ஏழை நாடொன்றில் ஆயிரக்கணக்கான ஆலைகள் முளைத்ததற்குக் குறைந்த கூலி எவ்வளவு காரணமோ, அதே அளவுக்கு இந்த இரண்டாவது தாளும் காரணம் என்பது நம் கருத்து.

இத்தொழிலில் ஏணிப்படிகள் போலச் சில நிலைகள் உண்டு. வாங்குவோரே துணி, நூல், பொத்தான் எல்லாம் கொடுக்க, வெட்டித் தைத்துக் கூலி பெறுவது அடிப்படி. துணியைத் தானே வாங்கி முடித்த ஆடையாக விற்பது அடுத்தது. திருப்பூர் வழக்கில் எஃப்.ஓ.பி. வேலை. ஆடையின் வடிவமைப்பையும் தானே செய்வது அதற்கும் மேலே. சொந்தப் பெயரில் விற்பது உச்சி. படிக்குப் படி ஆதாயம் கூடும். போட வேண்டிய முதலும் கூடும். நட்டத்துக்கான வாய்ப்பும் கூடும். மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

வங்கதேச ஆலைகளை வங்கித் தாளொன்று இரண்டாம் படியில் ஏற்றிவிட்டது. ஆனால் எந்த ஆலையின் துணி என்பதைப் பெரும்பாலும் வாங்குவோரே குறித்துக் கொடுத்தனர்; அது வெளிநாட்டிலிருந்து வந்தது; ஆதாயத்தின் பெரும்பகுதி அங்கேயே நின்றது. துணியை உள்நாட்டுக்குக் கொண்டுவந்ததில் ஐரோப்பிய விதியொன்றுக்குப் பங்குண்டு. வரியில்லாமல் ஐரோப்பாவுக்குள் நுழைய வேண்டுமானால், நூலைத் துணியாக்குவது, துணியை ஆடையாக்குவது ஆகிய இரண்டு வேலைகளும் உள்நாட்டிலேயே நடக்க வேண்டும் என்றது அவ்விதி. நெசவாலையோடு ஒப்பிடுகையில் பின்னல் ஆலைக்கு முதலீடு குறைவு. எனவே பின்னலாடைக்கான நூற்பும் பின்னலும் சாயமும் உள்நாட்டில் வேரூன்றின. நெய்த துணிக்குச் சீனாவையும் பிற நாடுகளையும் நம்பும் நிலை நீடித்தது. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு 2011-இல் ஐரோப்பா இவ்விதியைத் தளர்த்தித் தைப்பது மட்டும் போதும் என்றது. சலுகைதான், ஆனால் நெசவாலை தொடங்கும் அவசரத்தை அது குறைத்திருக்கக்கூடும்.

2005-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோட்டா முறை முற்றிலும் ஒழிந்தபோது, சீனாவின் முன் வங்கதேசம் நிற்காது எனக் கணித்தவர் பலர். அது நின்றது; வளர்ந்தது. எந்த விலையில் என்பது 2013 ஏப்ரல் 24 அன்று தெரிந்தது. டாக்காவுக்கு அருகே சவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். முந்தைய நாளே சுவர்களில் வெடிப்பு கண்டிருந்தது. அதே கட்டடத்திலிருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வெளியேற்றிவிட்டது. தையல் ஆலைத் தொழிலாளர்களோ மறுநாள் காலை வேலைக்கு அழைக்கப்பட்டனர். கெடுவும் விலையும் ஒருசேர நெருக்கும்போது, அந்த நெருக்கடி கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதன் பிறகே தீத்தடுப்பு, கட்டடப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான உடன்படிக்கையில் பன்னாட்டு நிறுவனங்கள் கையெழுத்திட்டன. ஆலைகளில் முறையான ஆய்வு தொடங்கியது.

இலங்கை வேறு வழியில் ஏறியது. கூலியில் வங்கதேசத்தோடு போட்டியிட முடியாத அந்நாட்டு நிறுவனங்கள், நுணுக்கம் மிகுந்த உள்ளாடை போன்ற வகைகளில் கவனம் செலுத்தின. அவற்றுள் ஒன்றான எம்.ஏ.எஸ். உச்சிப்படியையும் முயன்று பார்த்தது. 2007-இல் 'அமான்டே' என்னும் சொந்தப் பெயரை இந்தியச் சந்தையில் இறக்கியது. 2021-இல் அதை ரிலையன்ஸ் ரீட்டெய்ல் வாங்கிக்கொண்டது. நன்றாகத் தைக்கத் தெரிவது வேறு, கடைகளையும் விளம்பரத்தையும் பல்லாண்டு தாங்கி நிற்பது வேறு.

இனி நட்டத்துக்கு வருவோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் மேலைநாட்டுக் கடைகள் மூடப்பட்டபோது, வங்கதேசத்தில் 300 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்திவைக்கப்பட்டன. துணி அதற்குள் வாங்கப்பட்டிருந்தது. சில இடங்களில் ஆடையே தயாராகி அட்டைப்பெட்டியில் இருந்தது. இரண்டாவது எல்.சி. உயிரோடு இருக்க, அதற்கு ஆதாரமான ஆர்டர் மட்டும் ஆட்டம் கண்டது. கூலிக்கு மட்டும் தைத்தவர் கூலியை இழந்தார், எஃப்.ஓ.பி. வேலை செய்தவர் துணிக்கடனையும் சேர்த்துச் சுமந்தார். பிறகு பல நிறுவனங்கள் பணம் தர இசைந்தன என்றாலும், இடையிலிருந்த மாதங்களில் கூலியின்றித் தவித்த குடும்பங்களுக்கு அது தாமதமே.

நம் நாட்டு ஏற்றுமதியாளர்களுக்கும் இது அயலார் கதையன்று. பெரிய சில்லறை நிறுவனங்கள் பல இன்று எல்.சி. திறப்பதையே விட்டுவிட்டு, சரக்கு அனுப்பிய 60 அல்லது 90 நாளில் பணம் என்கின்றன. திருப்பூரில் பின்னல், சாயம், அச்சு, தையல் எல்லாம் ஒரே வட்டாரத்தில் இருப்பதால் துணிக்காகக் கப்பலை எதிர்நோக்க வேண்டியதில்லை. ஆனால் நூலுக்கும் சாயக்கூலிக்கும் முன்பணம் தேவை. அதற்குத்தான் ஏற்றுமதிக்கு முந்தைய கடனாகிய 'பேக்கிங் கிரெடிட்'. வாங்குபவர் பணம் தராமல் போனால் ஈடுசெய்யும் காப்பீட்டை ஈ.சி.ஜி.சி. வழங்குகிறது. புதிய வாடிக்கையாளரின் முதல் ஆர்டரில் விலையை மட்டும் பேசிவிட்டு, பணம் வரும் நாளையும் காப்பீட்டையும் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பது துணிச்சலன்று.

மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வங்கதேசம் விடுபடும் நாளாக 2026 நவம்பர் 24-ஐ ஐ.நா. பொதுச்சபை 2021-இல் குறித்தது. அதன்பின் மூன்றாண்டுகளுக்குப் பழைய சலுகையைத் தொடர ஐரோப்பா வகை செய்துள்ளது. அக்கெடு முடிந்த பிறகு வரியின்றி நுழைய வேண்டுமானால், துணியும் உள்நாட்டிலேயே உருவாக வேண்டும் என்ற பழைய விதி மீண்டும் குறுக்கே வரும். பின்னலாடை ஆலைகள் அதற்கு ஓரளவு தயார். நெய்த துணிக்கு வேண்டிய நெசவாலைகளும் சாய ஆலைகளும் மூன்று, நான்கு மாதங்களில் தீரும் எல்.சி.யால் எழுபவை அல்ல. பல்லாண்டு நீளும் கடனால் எழுபவை. அந்தக் கடனைக் கொடுக்க முன்வருவோரைத்தான் டாக்காவின் ஆலை முதலாளிகள் தேட வேண்டியிருக்கிறது.