‘ஐ ஹேவ் வென்ட்’... இன்டர்வியூவில் மாட்டிவிடும் மூன்றாவது வார்த்தை!

1984-ல் தொடங்கிய தாம்பரம் மெப்ஸ் வளாகத்துக்கோ, ஓ.எம்.ஆர் கம்பெனிகளுக்கோ இன்டர்வியூ போகும் பலருக்கும் ‘கோ, வென்ட், கான்’ மனப்பாடம். பள்ளியில் ராகம் போட்டுப் படித்ததுதான். ஆனால், பேச வாயைத் திறந்ததும் ‘ஐ ஹேவ் வென்ட்’ என்று வந்துவிடுகிறது.

‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ வந்தால், அடுத்து வர வேண்டியது மூன்றாவது வடிவம். ‘ஹேவ் கான்’, ‘ஹேஸ் ஈட்டன்’, ‘ஹேட் சீன்’. ‘ஃபினிஷ்ட்’, ‘வொர்க்ட்’ போன்றவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றே என்பதால் குழப்பம் வெளியே தெரிவதில்லை. காட்டிக்கொடுப்பது ‘கோ’, ‘ஈட்’, ‘சீ’ வகையறாக்கள்தான்.

இதற்குச் சாவி தமிழிலேயே இருக்கிறது. ‘போயிருக்கிறேன்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: போய் + இருக்கிறேன். ‘இருக்கிறேன்’ இடத்தில் ‘ஹேவ்’, ‘போய்’ இடத்தில் ‘கான்’. போயிருந்தேன், போயிருப்பேன் என்று காலம் மாறினாலும் ‘போய்’ மாறுவதில்லை. ‘ஹேட் கான்’, ‘வில் ஹேவ் கான்’ என்று ‘கானு’ம் அப்படியே நிற்கும். ‘போனேன் இருக்கிறேன்’ என்று யாராவது சொல்வார்களா? ‘ஐ ஹேவ் வென்ட்’ கேட்பவருக்கு அப்படித்தான் ஒலிக்கும்.

அதே தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. “நேத்தே மெயில் அனுப்பியிருக்கேன் சார்” என்பது நமக்கு இயல்பு. அதையே ‘ஐ ஹேவ் சென்ட் த மெயில் யெஸ்டர்டே’ என்றால் தவறு. ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’ என முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ கூடாது. ‘ஐ சென்ட்’ போதும்.

இன்னொன்று, “போன வாரம் திருப்பதி போயிருந்தோம்.” இதை ‘வீ ஹேட் கான்’ என்று தொடங்கினால், ‘எதற்கு முன்னால்?’ என்று கேட்பவர் காத்திருப்பார். கடந்தகாலத்தில் இரண்டு சம்பவங்கள் நடந்து, எது முந்தியது என்று காட்டும்போதுதான் ‘ஹேட்’ வேலை செய்யும். ‘வென் ஐ ரீச்ட் தாம்பரம், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’ என்றால், நீங்கள் வருமுன்பே பீச் ரயில் கிளம்பிவிட்டது. ‘ஹேட்’ இல்லாமல் ‘த ட்ரெயின் லெஃப்ட்’ என்றால், நீங்கள் வந்த நேரத்தில் கிளம்பியது. ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம்!

‘டிட்’ வந்தால் மட்டும் கதையே வேறு. அதற்கு முதல் வடிவம்: ‘டிட் யூ கோ?’

‘கம், கேம், கம்’, ‘ரன், ரேன், ரன்’ இரண்டிலும் மூன்றாவது வடிவம் மீண்டும் முதலுக்கே திரும்பிவிடும். ‘ஐ ஹேவ் கேம்’ அதிகம் காதில் விழுவதற்கு இதுதான் காரணம். ‘ஐ ஹேவ் கம்’ என்பதே சரி. ஆனால், ‘எந்த ஊர்?’ என்ற கேள்விக்கு அதுவும் தேவையில்லை. ‘ஐ ஆம் ஃப்ரம் தாம்பரம்’ போதும்.