குளக்கிராமமும் உல்லாசப் பிரயாணிகளும்

இலங்கையின் உலர் வலயத்துக் கிராமங்கள் குளத்தை நம்பி அமைந்தவை. மாரியிற் பெய்யும் மழையைக் குளம் தேக்கிவைத்து, கோடையிற் பயிரையும் மக்களையும் கால்நடைகளையும் காக்கின்றது. மேற்குளத்தின் மிகுநீரும் வயலின் வடிநீரும் கீழ்க்குளத்தைச் சேர்கின்றன. இத்தொடர்க்குள முறையை ஐக்கிய நாடுகள் உணவு, விவசாயத் தாபனம் 2017ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமை முறைகளுள் ஒன்றாக ஏற்றது.

ஹபரணை, சீகிரியா ஆகிய இடங்களின் அயலிலுள்ள குளக்கிராமங்களை உல்லாசப் பிரயாணிகள் மாட்டு வண்டியிலும் வள்ளத்திலும் சென்று பார்க்கின்றனர். இதனாற் கிராமத்தவர்க்கு மேலதிக வருவாய் கிட்டுகின்றது. ஆயினும் பிரயாணிகள் காண வரும் குளக்கட்டும், மரநிழலும், பசிய வயலும் தாமாகத் தோன்றியவை அல்ல. கமக்காரரின் உழைப்பே அவற்றை நிலைபெறச் செய்கின்றது. கமம் குன்றினாற் காட்சியும் குன்றும்.

வெறுநிலம் எனத் தோன்றும் இடங்கள்

விடுதி கட்ட விரும்புவோர் பெரும்பாலும் குளத்தை அடுத்த நிலத்தையே நாடுவர். அங்கு வெறுமையாகத் தோன்றும் நிலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் உண்டு.

குளத்தின் மேற்பக்கத்து மரச்செறிவு சிங்களத்தில் ‘கஸ்கொம்மன’ எனப்படும். மருது முதலிய இம்மரங்கள் காற்றைத் தடுத்து, நீர் ஆவியாதலைக் குறைக்கின்றன. அதனை அடுத்த புற்றரையாகிய ‘பெரஹன’, ஓடிவரும் மண்ணை வடித்து நிறுத்துகின்றது. இது அழிந்தால் குளம் வண்டலால் தூர்ந்து, கொள்ளும் நீர் குறையும். குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே இலுப்பை, தாழை முதலியன வளரும் ‘கட்டக்கடுவ’, கட்டினூடாகக் கசியும் நீரிலுள்ள உப்பை வயலுக்குச் செல்லவிடாது தடுக்கின்றது. இதனை வெட்டி வாகனத் தரிப்பிடம் அமைத்தால், அதன் கீழுள்ள வயல் உவராகும்.

நீர் குறைந்த போகத்திற் குளத்தை அண்டிய வயலை மட்டும் விதைத்து, அதனை எல்லோரும் தத்தம் உரிமைக்கேற்பப் பகிர்ந்து செய்யும் ‘பெத்ம’ வழக்கமும் உண்டு. கட்டை அண்டிய வயல் விடுதிக்காக விற்கப்பட்டாற் பகிர்வதற்கு நிலம் இராது. ஒருவர் விற்பதனால் ஊர் முழுவதும் தனது வறட்சிக்காலக் காப்பை இழக்கும்.

பிறநாட்டுப் படிப்பினை

பிலிப்பைன்ஸ் நாட்டு இபுகாவோ மலைப் படிவயல்கள் 1995இல் உலக மரபுரிமையாகப் பதியப்பட்டன. அவற்றைக் காணப் பலர் வந்தனர். எனினும் இளைஞர் பலர் கமத்தை விட்டு நகரம் சென்றமையால், வாய்க்கால்களும் படிகளும் பராமரிப்பின்றிச் சிதைந்தன. 2001இல் அவை ஆபத்துக்குள்ளான மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. திருத்த வேலைகள் நடைபெற்ற பின்னர், 2012இலேயே அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கீர்த்தி மட்டும் வயலைக் காவாது என்பதை இது காட்டுகின்றது.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. குடில், உணவுச்சாலை ஆகியவற்றை மேட்டுநிலக் குடியிருப்புப் பகுதியில் மாத்திரம் அமைத்தல் வேண்டும். மலக்குழி குளத்துக்கும் கிணற்றுக்கும் எட்டவே இருத்தல் வேண்டும்.

2. வயலை நிரப்பலாகாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதல் குற்றமாகும்.

3. வள்ளம், வண்டி ஆகியவற்றால் வரும் வருவாயில் ஒரு பங்கைக் கமக்காரர் அமைப்பு பெற்று, கட்டுக்கும் துருசுக்கும் வாய்க்காலுக்கும் செலவிடுதல் நன்று.

4. விடுதிகளுக்கு வேண்டிய அரிசியையும் மரக்கறியையும் கிராமத்தவரே விளைவித்து வழங்க முன்கூட்டியே ஏற்பாடு செய்தல் வேண்டும்.

5. வள்ளம் செல்லும் வழி, ஊரார் நீராடும் துறையை விலகிச் செல்லுதல் வேண்டும்.

6. புதிர் எடுத்தல் முதலிய சடங்குகளை அவற்றுக்குரிய நாளிலேயே செய்தல் வேண்டும். வருவோர் வசதிக்காக வேறு நாளில் நடத்திக் காட்டினால், அவை வெறும் வேடிக்கையாகிவிடும்.

பிரயாணிகள் வரும் பருவமும் உண்டு; வாராத பருவமும் உண்டு. இரு பருவத்திலும் ஊருக்குச் சோறளிப்பது வயலே. ஆதலால், குளத்தருகே எதனையும் கட்டுமுன் கமக்காரர் அமைப்பைக் கூட்டி ஆராய்வதும், விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறுவதும் அறிவுடைமையாகும்.