குறைந்த செலவில் அனிமேஷன் படம்: வசூல் வந்தால் லாபம் வந்துவிடுமா?

2025 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான விருதை வசனமே பேசாத ஒரு பூனை தட்டிச் சென்றது. படம், லாட்வியாவின் ‘ஃப்ளோ’. அதோடு மோதித் தோற்ற படங்களில் ஒன்று பிக்ஸாரின் ‘இன்சைட் அவுட் 2’. அதன் செலவு சுமார் 20 கோடி டாலர். ‘ஃப்ளோ’வுக்கு ஆனதோ 35 லட்சம் யூரோ. நம் மதிப்பில் 30 கோடி ரூபாய்க்கு மேல், அவ்வளவுதான். உலகம் முழுக்க வசூல் 3 கோடி டாலரைத் தாண்டியது.

செலவைப்போல ஏழெட்டு மடங்கு வசூல். அப்போ செம லாபம்தானே?

வசூல் என்று செய்தியில் வரும் தொகை தயாரிப்பாளர் கைக்கு வரும் தொகை இல்லை. முதலில் வரி போகும். மீதியில் ஏறக்குறைய பாதி தியேட்டருக்கு. அதற்குப் பிறகு விநியோகஸ்தர் கமிஷன், விளம்பரச் செலவு. தியேட்டர் வருமானத்தை மட்டுமே நம்பி 10 கோடி ரூபாயில் ஒரு படம் எடுத்தால், போட்ட காசை எடுக்கவே குறைந்தது 30 கோடி வசூலாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். இது எல்லாப் படத்துக்கும் பொருந்தும் கணக்கு. அனிமேஷனுக்கு மட்டும் இன்னொரு வில்லன் இருக்கிறான்: காலம்.

நேரம்தான் பட்ஜெட்

திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். 85 நிமிடப் படம் என்றால் 1,22,400 ஃபிரேம். வெயிலோ, தெருவோ, மரமோ எதுவுமே சும்மா கிடைக்காது. எல்லாவற்றையும் யாராவது உட்கார்ந்து உருவாக்க வேண்டும். நடிகர் சம்பளம் மிச்சம்தான், ஆனால் அனிமேட்டர்களுக்கு மாதாமாதம் சம்பளம் போய்க்கொண்டே இருக்கும்.

‘ஃப்ளோ’ இயக்குநர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் கை வைத்தது இந்த இடத்தில்தான். முந்தைய படமான ‘அவே’வை (2019) அனிமேஷன், இசை உட்பட ஒற்றை ஆளாகவே செய்து முடித்தவர் அவர். ‘ஃப்ளோ’வுக்குச் சின்ன குழு. மென்பொருள், யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோடு செய்யக்கூடிய பிளெண்டர். அதிலேயே உள்ள ஈவீ என்ற வேகமான ரெண்டரிங் முறையைப் பயன்படுத்தியதால், நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை இரவு பகலாக ஓடவிடும் ரெண்டர் ஃபார்ம் தேவைப்படவில்லை. வசனம் இல்லாததால் உதட்டசைவும் இல்லை, டப்பிங்கும் இல்லை. மெக்ஸிகோவிலும் பிரான்ஸிலும் ஒரே பிரதி ஓடியது. கலைக்காக எடுத்த முடிவு, கல்லாவுக்கும் கைகொடுத்தது.

இவ்வளவு சிக்கனம் பிடித்தும் படம் முடிய ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தக் காலத்துக்குச் சோறு போட்டது யார்? லாட்வியா தேசியத் திரைப்பட மையம், பிரான்ஸ், பெல்ஜியத்தின் பொது நிதி அமைப்புகள், ஆர்ட்டே தொலைக்காட்சி. இதில் பெரும்பகுதி, வட்டி கேட்டு வாசலில் வந்து நிற்கும் பணம் இல்லை. ஐரோப்பிய உதாரணத்தை இங்கே அப்படியே பொருத்த முடியாமல் போவது இதனால்தான்.

தமிழ் சினிமாவில் பல படங்கள் ஃபைனான்ஸ் வாங்கித்தான் எடுக்கப்படுகின்றன. ‘ரெண்டு வட்டி’, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 கோடியை முதல் நாளே வாங்கி, படம் வர நான்கு ஆண்டு ஆனால் வட்டி மட்டுமே 9.6 கோடி. ஆறு மாதத்தில் ஷூட்டிங் முடித்து ரிலீஸ் செய்யும் படத்துக்கு இந்தச் சுமை இல்லை. செலவைக் குறைப்பதைவிட எந்த மாதிரிப் பணத்தில் படம் எடுக்கிறோம் என்பதுதான் அனிமேஷனில் பெரிய விஷயம்.

தெரிந்த கதை, தெரிந்த கம்பெனி

நம்ம ஊரிலும் ஒரு வெற்றி உண்டே என்பீர்கள். 2025 ஜூலையில் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளியான ‘மகாவதார் நரசிம்மா’வின் செலவு 15 கோடி என்றும் 40 கோடி என்றும் வெவ்வேறு எண்கள் உலவுகின்றன. எதை எடுத்தாலும் சரி, வசூல் 300 கோடியைத் தாண்டியது. முதல் நாள் இந்திய வசூல் 2 கோடியைக்கூடத் தொடவில்லை. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே கூட்டம் ஏறியது. பிரகலாதன் யார் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதும், ‘கே.ஜி.எஃப்’ எடுத்த ஹொம்பாளே பிலிம்ஸ் படத்தை வழங்கியதும் சேர்ந்தே வேலை செய்தன. இந்த இரண்டும் இல்லாத ஒரு புதுமுக இயக்குநர் இதை உதாரணம் காட்டிக் கடன் வாங்குவது ரிஸ்க்தான்.

தியேட்டர் கிடைத்தால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவின் ‘டெல்கோ’ (2008) சாட்சி. ஸ்டுடியோக்களைச் சாராமல் சுமார் 4 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, 2,000க்கும் அதிகமான தியேட்டர்களில் வந்த படம். மொத்த வசூல் 10 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை.

நேர்மாறானது ‘ஹூட்விங்க்ட்’ (2005). ஸ்கை வோட்கா பிராண்டை உருவாக்கிய மாரிஸ் கான்பார் பணம் போட்டார். செலவு 80 லட்சம் டாலருக்கும் கீழ். அனிமேஷன் வேலை பெரும்பாலும் மணிலாவில் நடந்தது. பொம்மைகளின் அசைவில் முரட்டுத்தனம் பளிச்சென்று தெரியும். ஆனால் சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையைத் துப்பறியும் கதையாக மாற்றிய திரைக்கதை காப்பாற்றிவிட்டது. உலக வசூல் சுமார் 11 கோடி டாலர்.

மணிலா என்பதைச் சும்மா கடந்துவிட முடியாது. ‘லோ பட்ஜெட்’ என்பதில் ஒரு பகுதி, யாரோ குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்ததுதான். சென்னையில் வெளிநாட்டு சீரியல்களுக்கும் படங்களுக்கும் அவுட்சோர்ஸிங்கில் வேலை செய்கிற அனிமேட்டர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. சம்பளம் அவர்களுக்கு, ஓ.டி.டி., பொம்மை, இரண்டாம் பாகம் ஆகிய உரிமைகள் வேறு ஒருவருக்கு. அனிமேஷனில் தியேட்டருக்குப் பிறகு பல ஆண்டுகள் சொட்டும் காசு அந்த உரிமைகளில்தான் இருக்கிறது.

இரண்டாம் பாகத்திலும் லாபம் நிச்சயமில்லை. ‘ஹூட்விங்க்ட்’ தொடர்ச்சி 2011இல் வந்தது. செலவு 3 கோடி டாலராக ஏறியிருந்தது. உலக வசூல் 2.5 கோடியைத் தொடவில்லை. அதிலும் பாதி தியேட்டர்களுக்கு.