புதுவீட்டில் பிள்ளைக்கு எங்கே இடம்?

சென்ற ஆண்டு, கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையிலுள்ள ஓர் ஊரில், புதுவீடு குடிபுகும் நிகழ்ச்சியொன்றில் துஆ ஓதுவதற்காக அழைக்கப்பட்டிருந்தேன். வீட்டுக்காரர் பதினேழு ஆண்டுகளாக வளைகுடா நாட்டில் உழைத்து வருபவர். துஆ முடிந்ததும் ஒவ்வோர் அறையாக அழைத்துச் சென்று காட்டினார். வாசல் முதல் கொல்லை வரை பளபளக்கும் கிரானைட் தரை. விருந்தினர் அமர ஒரு கூடம். அவர்கள் தங்குவதற்குக் குளியலறையுடன் ஓர் அறை. தொலைக்காட்சிப் பெட்டிக்கென்றே ஒரு சுவர் முழுவதும் தேக்கு மரத்தில் இழைத்த அலமாரி. பீங்கான் கோப்பைகளை அடுக்கி வைக்கக் கண்ணாடிப் பேழை. மாஷா அல்லாஹ்! வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவருடைய மகள் எங்கள் மதரஸாவில் ஓதி முடித்த பிள்ளை. ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். தேநீர்க் கோப்பையை நீட்டிய அவளிடம், "நீ எங்கேம்மா உட்கார்ந்து படிப்பே?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். பிள்ளை தாயாரைப் பார்த்தாள். தாயார் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"மாடிப்படியில உட்கார்ந்துக்குவேன், ஹஜ்ரத்."

வாசக அன்பர்களே! அந்தச் சகோதரரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அவர் வெயிலில் வாடிச் சேர்த்த பணத்தில் பெரும்பங்கு அந்தப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கே போகிறது. வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்து, மதிப்பெண் எவ்வளவு என்று கேட்கத் தவறுவதில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு எங்கே இடம், மோட்டார் சைக்கிளுக்கு எங்கே இடம், காலணிகளுக்கு எங்கே இடம் என்றெல்லாம் கொத்தனாரிடம் கலந்து பேசிய நல்ல தகப்பனார்தான் அவர். பிள்ளை அமரும் இடம் மட்டும் அந்தப் பேச்சில் எழவே இல்லை. உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் எழுந்ததா என்பதை நாம்தாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முன்னோர் வீடுகளில் இந்தக் கேள்விக்கு அவசியம் இருக்கவில்லை. பரங்கிப்பேட்டையிலும் கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் இன்னும் எஞ்சி நிற்கும் பழைய ஓட்டு வீடுகளைப் பாருங்கள். தெருவை நோக்கி ஒரு திண்ணை இருக்கும். பகலில் பெரியவர்கள் அமர்வார்கள், வழிப்போக்கர் இளைப்பாறுவார்கள், அந்தி சாயும் நேரத்தில் பிள்ளைகள் பலகையோடும் புத்தகத்தோடும் வந்து அமர்வார்கள். தமிழகம் முழுவதும் எழுத்தறிவித்த பள்ளிக்கூடங்களுக்கே திண்ணைப் பள்ளிக்கூடம் என்றுதானே பெயர்! மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலின் பின்புறத்தில், பேரீச்ச ஓலை வேய்ந்த நிழலில் அமைந்திருந்த ஸுஃப்பா என்னும் திண்ணையை நாம் அறிவோம். வீடு வாசல் இல்லாத ஏழைத் தோழர்கள் அங்கேயே தங்கிக் கல்வி கற்றார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அத்திண்ணைத் தோழர்களில் ஒருவர். மேசையில்லை, நாற்காலியில்லை. ஆனால் அந்த இடம் எதற்கு உரியது என்பதை அனைவரும் அறிந்திருந்தார்கள்.

இன்று திண்ணைகளை இடித்துவிட்டோம். அந்த இடத்தில் இரும்புக் கதவும் வாகனம் நிறுத்தும் முகப்பும் வந்துவிட்டன. அதில் தவறில்லை, காலம் மாறியிருக்கிறது. திண்ணையோடு போன பிள்ளையின் இடத்திற்கு மாற்று ஏற்பாடு செய்ய மறந்துவிட்டோம் என்பதுதான் என் கவலை.

"ஹஜ்ரத், எங்களுக்கு இருப்பதே ஒரு கூடமும் ஓர் அடுப்படியும்தான், தனி அறைக்கு எங்கே போவது?" என்று கேட்கும் சகோதரிகள் உண்டு. நான் வளர்ந்ததும் அத்தகைய வீட்டில்தான். சிதம்பரத்தில் ஓட்டு வீடு, எட்டுப் பேர். என் தாயார் அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் இடையில் மூன்றடி இடத்தை எனக்கென ஒதுக்கினார்கள். கிழிந்த பாயின் ஒரு துண்டு, குர்ஆன் ஓதும் ரெஹால், சுவரில் இரண்டு ஆணிகளின் மேல் ஒரு பலகை. இவ்வளவுதான் அதன் செலவு. ஆனால் அந்தப் பாய்த்துண்டின் மேல் துவைத்த துணியைக்கூட எவரும் வைக்க முடியாது. பெருநாளுக்கு உறவினர்கள் வந்து வீடு நிறைந்திருக்கும்போதும், "அது ஓதுற புள்ளை எடம்" என்று சொல்லி வேறிடம் காட்டுவார்கள். பின்னாளில் மதரஸாவில் பணியாற்றிக்கொண்டே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியாக வரலாற்றில் பட்டம் பெற்றதும் அந்த மூன்றடியில் அமர்ந்துதான். பல்கலைக்கழகம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவு. பாடங்களோ தபாலில் வந்தன!

ஆகவே இடத்தின் அளவு பெரிதன்று. அதை வீட்டார் எவ்வாறு மதிக்கிறார்கள் என்பதே பெரிது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நாள்தோறும் அமரும் பிள்ளைக்கு, உட்கார்ந்த சற்று நேரத்திலேயே மனம் பாடத்திற்கு வந்துவிடும். இன்று கட்டிலில், நாளை படியில், மறுநாள் சாப்பாட்டு மேசையில் என்று இடம் தேடும் பிள்ளைக்கு முதல் அரைமணி நேரம் புத்தகப் பையைத் தூக்கி அலைவதிலேயே கழிந்துவிடுகிறது.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு ஒளி இடப்புறமிருந்து வர வேண்டும். இடக்கைப் பிள்ளைக்கு வலப்புறமிருந்து. இல்லையேல் தன் கை நிழலிலேயே எழுதிக்கொண்டிருக்கும். நடுக்கூடத்தில் எரியும் விளக்கு, சுவரைப் பார்த்து அமர்ந்த பிள்ளைக்கு முதுகில்தான் அடிக்கும். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை அந்த மூலையிலேயே பொருத்திவிட்டால் போதும். நம் பகுதியில் மேற்குச் சன்னலருகே கோடைப் பிற்பகலில் அமர இயலாது. வடக்கு வெளிச்சம் கண்ணுக்கு இதமானது; ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு வரும் மழைச் சாரல் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும்தான் அடிக்கும் என்பதால் புத்தகங்களைச் சன்னலை ஒட்டி வைக்காதீர்கள். பிள்ளைகள் மாலையில் வெளியே ஓடி விளையாடுவதைத் தடுக்கவும் வேண்டாம். வெட்டவெளி வெளிச்சத்தில் நாள்தோறும் நேரம் செலவிடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வைக் கோளாறு குறைவாக வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன.

மேசை விஷயத்தில் நாம் வீண் செலவு செய்கிறோம். கடையில் விற்கும் மேசை ஏறத்தாழ இரண்டரை அடி உயரம். பெரியவர்களுக்கான அளவு அது. பத்து வயதுப் பிள்ளை அதில் எழுதினால் தோள்கள் காதுவரை ஏறிவிடுகின்றன; கால்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. அமர்ந்திருக்கும்போது முழங்கை எந்த உயரத்தில் நிற்கிறதோ, அந்த உயரத்தில் மேசை இருக்க வேண்டும். பாதம் தரையிலோ ஒரு பலகையிலோ ஊன்ற வேண்டும். வசதியில்லாதவர்கள், பழைய கடைகளில் கணக்கர்கள் தரையில் அமர்ந்து எழுதினார்களே, அதுபோன்ற சாய்வு மேசையைத் தச்சரிடம் செய்து வாங்கலாம். ரெஹாலில் ஓதிப் பழகிய நம் பிள்ளைகளுக்குத் தரையில் அமர்வது புதிதன்று. முதுகுக்குச் சுவர் கொடுங்கள், போதும்.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயத்திற்கு வருகிறேன். அதுதான் இரைச்சல். 1975ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தை ஆராய்ந்தார்கள். அதன் ஒரு பக்கத்தை ஒட்டி உயர்ந்த பாலத்தின்மீது ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ரயில் பக்கத்து வகுப்பறைகளில் படித்த பிள்ளைகள், அதே பள்ளியின் அமைதியான பக்கத்தில் படித்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பை எட்டியபோது ஏறக்குறைய ஓராண்டுப் பின்னடைவு! பின்னர்த் தண்டவாளத்தில் ரப்பர் மெத்தைகள் இட்டு, வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் தகடுகள் பொருத்தி இரைச்சலைக் குறைத்தார்கள். மீண்டும் ஆராய்ந்தபோது இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

நம் வீட்டுக் கூடத்தில் ரயில் ஓடவில்லை. தொடர் நாடகம் ஓடுகிறது. மஃரிபுத் தொழுகை முடிந்து இஷாவுக்கு பாங்கு சொல்வதற்குள் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரேகால் மணி நேரம். பிள்ளை உடலும் உள்ளமும் தூய்மையாக அமரும் நேரம் அது. அந்நேரத்தில்தான் மாமியார், மருமகள் சண்டையெல்லாம் நம் கூடத்துக்கு வந்து சேர்கிறது! தாய்மார்கள் என்மீது கோபிக்க வேண்டாம். தந்தைமார்கள் கைப்பேசியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்கும் காணொளிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவற்றுள் பயான்களும் அடக்கம். பிள்ளை படிக்கும்போது உரக்க ஒலிக்கும் பயானும் அதற்கு இரைச்சல்தான்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்த இடப் பிரச்சினை வெட்ட வெளிச்சமாயிற்று. 2019ஆம் ஆண்டு அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது. கூடத்துப் பெட்டியோ வேறு எதற்கோ தேவைப்பட்டது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்ட வீடுகளை நான் அறிவேன். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது, தன்னார்வலர்கள் தத்தம் வீட்டுத் திண்ணைகளிலும் கூடங்களிலும் பிள்ளைகளை அமரவைத்தார்கள். இடித்த திண்ணையை மீண்டும் தேட வேண்டியதாயிற்று. (மாலை ஐந்து மணிக்குமேல் அவ்வகுப்புகள் நடந்ததால் எங்கள் மதரஸா நேரத்தை மாற்ற நேர்ந்தது தனிக் கதை.)

கடலூர் மாவட்டத்தார்க்கு மட்டும் ஒரு சொல். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும், 2011 டிசம்பர் 30 தானே புயலும், 2015 வெள்ளமும் நமக்குச் சொல்லித் தந்த பாடத்தை மறக்கக் கூடாது. 2024இல் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை பெருகியபோதும் தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. தண்ணீர் வடிந்தபின் நோட்டுப் புத்தகங்களை மொட்டை மாடியில் ஏடு ஏடாக உலர்த்திய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். படிக்கும் மூலை தரையில் இருக்கலாம். புத்தகப் பலகை பெரியவர் தலை உயரத்திற்கு மேல் இருக்கட்டும். சான்றிதழ்களை நெகிழிப் பையில் இட்டுக் கட்டி அதற்கும் மேலே வையுங்கள். தானேவுக்குப் பிறகு பல சிற்றூர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்னேற்றி வைத்த விளக்கு ஒன்று அந்த மூலையிலேயே இருப்பது நலம்.

மறைக்க விரும்பாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அரிசி மூட்டையருகே இருந்த அந்த மூன்றடி எனக்கே உரியதாக இருந்தது. என் தங்கை அடுப்படியில், அம்மி பக்கத்தில் அமர்ந்து படித்தாள். அவளுடைய கணக்கு நோட்டில் மஞ்சள் கறை இருக்கும். பத்து வரி எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து போவாள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். இடமின்மை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவளுக்கும் ஒரு பாய்த்துண்டு போட வேண்டும் என்று எங்கள் வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். என்னைவிட அவள் கணக்கில் கெட்டிக்காரி. இன்றும் பல வீடுகளில் மாடியறை அண்ணனுக்கு. விருந்தினர் வந்தால் முதலில் எடுத்து வைக்கப்படுவது தங்கையின் புத்தகங்கள். பையனாவது நண்பன் வீட்டுக்கோ நூலகத்துக்கோ போய்விடுவான். பெண்பிள்ளைக்கு வீட்டை விட்டால் வேறிடம் இல்லை. ஓரிடம்தான் ஒதுக்க முடியும் என்றால் அதை முதலில் அவளுக்குக் கொடுங்கள்.

உண்மையிலேயே இடமில்லாத வீடுகளுக்கு ஜமாஅத்தார் உதவலாம். பொது நூலகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாள்களிலும் அவை இரவு நெடுநேரம் திறந்திருப்பதில்லை. நம் மதரஸா கூடங்களோ இஷாவுக்குப் பிறகு பூட்டிக் கிடக்கின்றன. நான் பணியாற்றும் மதரஸாவில், தேர்வு மாதங்களில் இரவு ஒன்பதரை மணி வரை திறந்து வைக்கலாமே என்று கேட்டேன். மின்கட்டணம் யார் கட்டுவது என்று நிர்வாகத்தில் மூன்று கூட்டங்கள் பேசினார்கள். கடைசியில் மீன் வியாபாரி ஒருவர், அவர் பள்ளிக்கூடமே போகாதவர், "நான் கட்டுறேன், கதவைத் திறங்க" என்றார். முதல் வாரம் நான்கு பையன்கள். பரீட்சை நெருங்கியபோது இருபத்தொன்று. பெண்பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் தனியாக ஏற்பாடு செய்ய இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் புதுவீட்டுச் சகோதரர் சில மாதங்களுக்குப் பின் வெளிநாட்டிலிருந்து பேசினார். மாடிப்படிக்குக் கீழே துடைப்பமும் காலி அட்டைப்பெட்டிகளும் கிடந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். சுவரில் சிறு சன்னல் திறக்கக் கொத்தனாரையும், மேசைக்குத் தச்சரையும் ஏற்பாடு செய்திருக்கிறாராம். மேசை என்ன உயரம் இருக்கலாம் என்று தச்சர் கேட்பதாகச் சொன்னார். பிள்ளையை உட்காரவைத்து, முழங்கை வரை அளந்துகொள்ளச் சொன்னேன்.