குதிரை விற்பனைக்கு: ஒரு விளம்பரத்தை எப்படி எழுதுவது?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள் நம் பெரியவர்கள். காசு கொடுத்து வாங்குவதென்றால் பல்லைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது இதன் மறுபக்கம். குதிரைக்கு ஏறத்தாழ ஐந்து வயதில் நிலைப்பற்கள் எல்லாம் வந்துவிடும். அதன்பின் பல்லின் தேய்மானத்தைக் கொண்டே வயதைக் கணிப்பார்கள். குதிரை கண்முன் இல்லாதபோதே வாங்குபவருக்கு அதன் பல்லைத் திறந்து காட்டுவதுதான் நல்ல விளம்பரம்.

‘அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் நமக்குக் குதிரை விளம்பரம் எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், குதிரை நமக்கு அவ்வளவு அந்நியமானதன்று. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் 1843ஆம் ஆண்டிலேயே பந்தயக் குதிரைகள் ஓடின. பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்கும் 1999இல் கிராஞ்சிக்கும் இடம் மாறியது. நான் வசிக்கும் கேலாங்கில், காப்பிக்கடை மேசைகளில் குதிரைகளின் பெயர்களைக் கேட்காத வார இறுதி அரிது. 2023 ஜூன் 5ஆம் தேதி, பந்தயம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் நடந்தது.

அறிவிப்பு வந்தபோது கிராஞ்சியில் ஏறத்தாழ 700 குதிரைகள் இருந்தன. குதிரை 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. பந்தயத்தில் ஓடுவதோ அதில் சில ஆண்டுகள்தாம். எஞ்சிய காலம் எப்படிக் கழியும் என்பது அடுத்து யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. தவறான கைக்குப் போனால் ஏறுபவருக்கு எலும்பு முறியும். குதிரையோ கைமாறிக் கைமாறிச் சீரழியும். ஆகவே, குதிரை விளம்பரத்தின் நோக்கம் நூறு பேரை அழைப்பதன்று. பொருத்தமான ஒருவரை அழைப்பது.

முதல் பாடம்: சான்றைச் சொல்லுங்கள்

தேசிய நூலக வாரியம் மின்வடிவாக்கியுள்ள பழைய ஆங்கில நாளிதழ்களைப் புரட்டினால் குதிரை விளம்பரங்கள் நிறையக் கிடைக்கும். ‘ஏறவும் வண்டியில் பூட்டவும் சாதுவானது’, ‘பெண்கள் ஏறிப் பழகியது’, ‘உரிமையாளர் ஊர் திரும்புவதால் விற்பனைக்கு’ என்பன அவற்றில் வழக்கமாக வரும் செய்திகள். இவற்றை உற்று நோக்குங்கள். குதிரையால் என்ன வேலை ஆகும், யார் ஏறலாம், ஏன் விற்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் சில சொற்களில் விடை கிடைத்துவிடுகிறது. ‘அற்புதமான’, ‘கண்கவர்’ போன்ற அடைமொழிகள் இவற்றில் ஒன்றுக்கும் விடை தருவதில்லை.

பரி, புரவி, இவுளி, மா எனத் தமிழில் குதிரைக்குப் பெயர்கள் பல. கவியரங்கில் அவை அழகு. விளம்பரத்தில் ‘குதிரை’ போதும். அங்கே நமக்குத் தேவை பெயர்ச்சொற்களும் எண்களும்தாம்.

இரண்டாம் பாடம்: அளவைச் சரியாகச் சொல்லுங்கள்

குதிரையின் உயரத்தைத் தரையிலிருந்து தோள்மேடு வரை அளப்பார்கள். அளவின் பெயர் ‘கை’. ஒரு கை 4 அங்குலம். 15.3 என்று எழுதினால் 15 கை, 3 அங்குலம். அதாவது 63 அங்குலம், ஏறத்தாழ 160 சென்டிமீட்டர். தசமப் புள்ளி என்று எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு. சென்டிமீட்டரையும் சேர்த்தே எழுதுவது நல்லது.

வயதைவிடப் பிறந்த ஆண்டு தெளிவானது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் பிறந்த பந்தயக் குதிரைகளுக்கு ஆகஸ்ட் 1ஆம் தேதியும், வட பாதிக்கோளத்தில் பிறந்தவற்றுக்கு ஜனவரி 1ஆம் தேதியும் வயது கூட்டப்படும். ஆண்டையும் நாட்டையும் எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

மூன்றாம் பாடம்: குறையை மறைக்காதீர்கள்

திருவிளையாடற் புராணத்தில் நரி பரியான கதை நமக்குத் தெரிந்ததுதான். இறைவனே குதிரை வணிகராக மதுரைக்கு வந்து, பாண்டியன் வியக்கும் குதிரைகளை ஒப்படைத்துவிட்டுப் போனார். இரவானதும் அவை மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடின. பழி வாதவூரர்மீது விழுந்தது. அந்தச் சிவபெருமானுக்கு, ஆர்ச்சர்ட் சாலையில் டோபி காட் அருகே கோயில் இருந்தது. பெருவிரைவு ரயிலுக்காக 1983இல் அங்கிருந்து அகற்றப்பட்ட ஸ்ரீ சிவன் கோயில், 1993 முதல் எங்கள் கேலாங் ஈஸ்ட்டில் இருக்கிறது. அதே ஆர்ச்சர்ட் சாலையில்தான் அக்காலக் குதிரை விற்பனை நிலையங்களும் இருந்தன. இறைவன் ஆடியது திருவிளையாடல். நாம் ஆடினால் அது மோசடி!

பழைய காயம், உதைக்கும் பழக்கம், வண்டியில் ஏறத் தயங்குவது, மரத்தைக் கவ்விக் காற்றை விழுங்குவது போன்றவற்றை முதலிலேயே எழுதிவிட வேண்டும். வாங்குமுன் கால்நடை மருத்துவரைக் கொண்டு சோதிப்பது வழக்கம். மறைத்தது அப்போது வெளிவரும். ஒரு குறையைத் தானே சொன்ன விற்பனையாளர் சொல்லும் நிறைகளையும் மக்கள் நம்புவார்கள்.

ஒரு மாதிரி

கிராஞ்சியிலிருந்து 2024இல் விற்பனைக்கு வந்த ஒரு கற்பனைக் குதிரையை எடுத்துக்கொள்வோம்.

*“குதிரை. தரோபிரெட் இனம், காயடித்த ஆண், செம்பழுப்பு. 2018இல் நியூசிலாந்தில் பிறந்தது. 15.3 கை (160 செ.மீ.). மூன்று ஆண்டு பந்தயத்தில் ஓடியது. சவாரிப் பள்ளிப் பயிற்சி இன்னும் தொடங்கவில்லை. குளிப்பாட்டவும் இலாடம் அடிக்கவும் அமைதியாக நிற்கும். மற்றக் குதிரைகள் முந்தினால் வேகமெடுக்கும், புதியவர்களுக்கு ஏற்றதன்று. இடது முன்காலில் 2022இல் தசைநாண் காயம். தாண்டும் பயிற்சிக்கு உதவாது. மருத்துவ அறிக்கை, தடுப்பூசிப் பதிவு, மைக்ரோசிப் எண் உண்டு. பந்தயம் நின்றுவிட்டதால் விற்பனை. விலை 3,000 வெள்ளி; நல்ல இடமென்றால் குறைக்கப்படும்.”*

கூடவே ஒரு படம்: சமதரையில், பக்கவாட்டில், நான்கு கால்களும் தெரியும்படி. நடக்கும்போதும் ஓடும்போதும் எடுத்த ஒளிக்காட்சி இருந்தால் இன்னும் நல்லது. விலையை எழுதாமல் விடுவது, வாங்க முடியாதவர்களின் நேரத்தையும் நம் நேரத்தையும் வீணாக்கும்.

மேலே உள்ள விளம்பரத்தைப் படித்துவிட்டுப் பிள்ளைக்கு முதல் குதிரை தேடும் பெற்றோர் ஒதுங்கிவிடுவார்கள். தாண்டும் போட்டிக்குத் தயாராகும் வீரரும் ஒதுங்கிவிடுவார். பொறுமையாகப் பழக்கத் தெரிந்த, அமைதியான சவாரிக்குக் குதிரை தேடும் ஒருவர் தொலைபேசியை எடுப்பார். அந்த ஒருவருக்காகத்தான் இத்தனை வரிகளும்.

நம்மில் பலர் குதிரை விற்கப் போவதில்லை. பழைய மிதிவண்டியோ மடிக்கணினியோ விற்கலாம். அடுத்த முறை விளம்பரம் எழுத உட்காரும்போது, அதன் குறையை முதல் வரியாக எழுதிப் பாருங்கள். அடுத்த வரிகளில் அடைமொழிகள் தாமாகவே குறைந்துவிடும்.